மாப்பிள்ளையின் கைராசி

புது டேபிள் ஃபேன் சுற்றும்போதெல்லாம் கடகடவென்று ஆடியது.

"மாப்பிள்ளை கம்பெனி ஃபேனாச்சேன்னு ஆசையா வாங்கினேன். மெக்கானிக்கைக் கூப்பிடவா?" என்றார் மாமியார்.

"எதுக்கும்மா? பன்னிரண்டு வருஷமா இவர் இதைத்தானே செய்யறார்!" என்றாள் மகள்.

"அப்போ சரக்கு இருக்கான்னு பார்த்துடுவோம்." மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணமான பிறகு மாமியார் வீட்டுக்கு முதல் தடவை வந்திருக்கிறான். மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. ஃபேனின் பின்மூடியைக் கழற்றி, ஒரே ஒரு திருகாணியை முடுக்கினான். ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்றியது.

மாமியார் வாயைப் பிளந்தார். "தொட்டதும் கண்டுபிடிச்சிட்டீங்களே! இருங்க, காபி கொண்டு வரேன்."

அவர் உள்ளே போனதும் மனைவி கிசுகிசுத்தாள். "நிஜமாவே எப்படிங்க?"

"ஃபேன்ல எனக்குத் தெரிஞ்சதே இந்த ஒரு ஸ்க்ரூதான். ஃபேக்டரியில பெல்ட்டுல ஃபேன் ஒவ்வொண்ணா வரும், இதை மட்டும் முடுக்கித் தள்ளிவிடுவேன். மீதியெல்லாம் வேற ஆளுங்க."

"அப்போ இதை லூசா விட்டது..."

"மெதுவாப் பேசுடி! அடியில தயாரிச்ச தேதியைப் பாரு. நம்ம கல்யாணத்துக்கு லீவு சொல்லிட்டு நான் அவசர அவசரமா கிளம்பின நாள்."