பிளஸ் டூ நிறம்

"இந்தத் தலையோட நாளைக்கு அங்கன போய் நின்னான்னா என் மானம் கப்பலேறிரும் தம்பி!" என்று மகனை சலூன் நாற்காலியில் பிடித்துத் தள்ளினாள் பேச்சித்தாய்.

மகன் தங்கப்பாண்டிக்கு பெங்களூரில் வேலை. தலைமுடியை வெளுத்துப் பொன்மஞ்சளாக்கிக்கொண்டு வந்திருந்தான். ரயிலை விட்டு இறங்கினவனைப் பார்த்துப் பெற்ற தாயே, "யாரு வேணும்?" என்றாளாம்.

ரூபஸுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கோவில்பட்டியில் அவன் கலர் சலூன் திறந்து மூன்று மாதம். வருகிறவனெல்லாம் ஷேவிங்குக்குத்தான் வந்தான். எதிர்க்கடை சங்கரபாண்டி வேறு, "ஏலே, கலர் டப்பாவுல எலி குட்டி போட்டாச்சா?" என்று தினமும் உயிரை வாங்குவார். இந்த ஒரு தலை அமைந்தால் கடை தப்பித்துவிடும்.

பேச்சித்தாய் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். "இவன் பிளஸ் டூ படிக்கையில எடுத்தது. கருப்புதான், ஆனா வெயில்ல லேசா செம்பட்டை அடிக்கும். அச்சு அசல் இதே நிறம் வேணும்."

"வெளுத்த முடியில நேரா கருப்பை அடிச்சா பாசி புடிச்ச மாதிரி ஆயிரும்மா. முதல்ல செம்பு நிறம் ஏத்தணும். அதுக்கு மேலதான் மத்தது."

"என்னமும் செய்யி. ஒரு முடியைக்கூட வெட்டிராத."

"நாளைக்கு நெறைய பேரு வருவாவளோ?"

"சொந்தபந்தம் எழுபது பேரு. வேன் புடிச்சிருக்கு. அத்தனை கண்ணும் இவன் தலையிலதான் இருக்கும்."

நிச்சயதார்த்தம்! கேட்கவா வேண்டும்? ரூபஸ் நெஞ்சை நிமிர்த்தினான். "அப்போ எனக்குக் கூலியே வேண்டாம்மா. யாரு போட்ட கலருன்னு அங்கன எல்லாருக்கும் சொல்லணும். அது போதும்."

பேச்சித்தாய் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சொல்லிட்டாப் போச்சு."

மூன்று மணி நேரம் ரூபஸ் டீகூடக் குடிக்கவில்லை. செம்பு நிறத்தை ஏற்றி, கழுவி, காயவைத்து, அதன்மேல் கரும்பழுப்பைப் பூசினான். கடைசியில் போட்டோவைத் தலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இம்மி வித்தியாசம் இல்லை. ரோட்டைத் தாண்டி எட்டிப்பார்க்க வந்த சங்கரபாண்டி எலிக்குட்டியைப் பற்றிக் கேட்காமலே திரும்பிப் போனார். அடடா, ரூபஸுக்கு அந்த நிமிஷமே ஜென்மம் சாபல்யம்!

"இனி ரெண்டு மாசத்துக்குக் கவலையே இல்லம்மா."

"நாளைக்குக் காலையில ஒம்பது மணி வரைக்கும் நின்னாப் போதும் தம்பி."

"அதென்ன ஒம்பது மணி? நிச்சயதார்த்தம் முடிஞ்சு கல்யாணம் வரைக்கும் நிக்க வேண்டாமா?"

"இவனுக்கு இன்னும் பொண்ணே பார்க்கலையே! நாளைக்குக் கழுகுமலையில மொட்டை."

ரூபஸ் போட்டோவையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தான். "மொட்டை அடிக்கிற தலைக்கு எதுக்கும்மா கலரு?"

பேச்சித்தாய் போட்டோவைக் கண்ணில் ஒற்றிப் பைக்குள் வைத்தாள். "பிளஸ் டூ பாஸானா இந்த முடியைத் தாரேன்னு அன்னைக்கே முருகன்கிட்ட நேந்தது. இவனுக்கு இப்பத்தான் லீவு கெடச்சுது. நிறத்தை மாத்திக் குடுத்தா சாமியை ஏமாத்துற மாதிரி ஆயிராதா?"