திருமண் பெட்டி

மலையடிவாரத்து அலிபிரி சோதனைச் சாவடியில் காலை வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. திருமலைக் கோயிலில் கைங்கரியம் செய்யும் தேசிகனின் திருமண் பெட்டியை மோப்ப நாய் முகர்கிறது. நாமம் இட்டுக்கொள்ளும் வெள்ளைக் கட்டியின் மேல் அதன் மூக்கின் ஈரம் பதிகிறது. இத்தனை வருஷமாகக் கும்பிட்டு வழிவிட்ட காவலர் நாகையா, இன்று முகம் பார்க்காமல் தேசிகனின் பையையும் கவிழ்க்கிறார். "தப்பா நெனச்சிக்காதீங்க சாமி. உங்க புள்ள மெயில்லேருந்துதான கோயிலுக்குக் குண்டு மெரட்டல் வந்துச்சி?" தேசிகன் அவர் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறார். "எவனோ தீவிரவாதி ஹேக் பண்ணி அனுப்பினது அது. வேங்கடேஷ் மேல தப்பில்லேன்னு போலீஸே விட்டுட்டாளே, நாகையா!" "தெரியும் சாமி. மேல ஆர்டர் அப்பிடி. நான் இன்னா பண்ண?"

அமெரிக்க வேலைக்குக் கிளம்ப இருந்த பிள்ளை, விசா மறுக்கப்பட்டு, ஜன்னலைக்கூடத் திறக்காமல் அறைக்குள் கிடக்கிறான். அந்த மெயிலுக்குக் கடவுச்சொல்லாகப் பெருமாள் பெயரையே வை, மறக்காது என்று சொல்லிக்கொடுத்தவர் தேசிகன்தான். முகம் தெரியாத ஒருவன், எங்கோ உட்கார்ந்துகொண்டு, அதை ஒரே ஊகத்தில் திறந்துவிட்டான். தேசிகன் குனிந்து, நாயின் எச்சில் பட்ட திருமண்ணை வேட்டி நுனியால் துடைக்கிறார். துடைக்கத் துடைக்க அது குழைகிறது. பின்னால் பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் அந்தக் கடவுச்சொல்லை ஒரே குரலில் கூவுகிறது: "கோவிந்தா! கோவிந்தா!" நாகையா கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். தேசிகனுக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை.