முழங்கால் வீடியோ

தையல்காரம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதும், வீட்டில் எப்படி நடக்க வேண்டும், எப்படிப் படுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோ அனுப்பினார்கள். புருஷன் பேச்சையே கேட்காதவள், போனிலிருக்கும் நர்ஸ் பேச்சையா கேட்பாள்? வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"போதும்மா, போய்ப் படுங்க," என்றாள் வீடியோ நர்ஸ். "இனி எழுந்திருக்கவே வேணாம்."

"நீ யாருடி அதைச் சொல்ல?"

மருமகள் எட்டிப்பார்த்தாள். "அத்தை, வீடியோ அப்பவே முடிஞ்சுபோச்சே! யார்கூட மல்லுக்கு நிக்கிறீங்க?"

ஆனால் போனில் அந்த நர்ஸ் இன்னும் இருந்தாள்; ஒரு கட்டிலில் விரிப்பை நீவிக்கொண்டிருந்தாள். தையல்காரம்மாவே ஒட்டுப்போட்டுத் தைத்த விரிப்பு அது. பக்கத்து அறையில் தையல்காரம்மாவின் கட்டிலோ விரிப்பில்லாமல் வெறும் பலகையாகக் கிடந்தது.

"அந்த விரிப்ப நீயே வெச்சுக்க, நீயே படுத்துக்க!" என்றாள் தையல்காரம்மா. மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஆபரேஷன் ஆன காலாலேயே மிதித்துப் புது விரிப்பு ஒன்றைத் தைக்க ஆரம்பித்தாள்.