தங்கச்சி வீட்டுத் தொட்டி

தங்கச்சியை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது சரோஜம் அவள் வளர்த்த குரோட்டன் செடியைத் தொட்டியோடு தூக்கி வந்தாள். தொட்டிக்கு அடியில் கறுப்பாக, ஓடில்லாத நத்தை ஒன்று ஒட்டியிருந்தது. அந்த வீட்டில் மிச்சமிருந்த உயிர் அது ஒன்றுதான் என்று தோன்றியதில், கொல்ல மனம் வராமல் தன் வீட்டு வேலியோரம் விட்டாள். செடி அந்த மாதமே பட்டுப்போனது. நத்தை பெருகியது. மூன்று மழைக்காலத்தில் தெருவில் ஒரு தோட்டமும் மிஞ்சவில்லை.

பக்கத்து வீட்டு ஐடா நத்தைகள்மேல் தூவ உப்புப் பாக்கெட்டோடு வேலியருகே வந்தாள். அவளுடைய பயற்றங்கொடியில் இலையே இல்லை. "எங்கயிருந்துதான் வந்து தொலஞ்சுதோக்கா?"

எப்போதும்போலத் தலையாட்டிவிட்டுப் போக சரோஜத்தால் முடியவில்லை.

"நாந்தான் கொண்டுவந்தேன், ஐடா. எந்தங்கச்சி வீட்டுல இருந்து. பாத்துட்டேதான் விட்டேன்."

ஐடா மொட்டைக் கொடியைப் பார்த்தாள்; உப்புப் பாக்கெட்டின் வாயை மடித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அவங்க பேரு என்னக்கா?"