ஏவோராவுக்கு ஒரு சுற்று வழி

“கிமராயிஷ் கோட்டையைப் பாக்காம ஏவோரா போனேன்னு வெளிய சொல்லிராத. என்னைத்தான் சிரிப்பாங்க,” என்றான் அடெலினோ.

கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவனுடைய அக்கா பென்வீந்தா சிரித்தாள். மடத்தில் அவளுக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். அது அவன் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

பிராகாவின் மேட்டிலிருந்த அந்தக் கன்னியர் மடத்தில் இப்போது மூன்றே பேர். அதை மூடிவிட்டு, மூவரையும் தெற்கே ஏவோராவிலுள்ள மடத்துக்கு அனுப்புவதென்று பிஷப் முடிவு செய்திருந்தார். வழிக்கு இரண்டு நாள் அனுமதி. வண்டி அடெலினோவின் டாக்சி.

உள்ளே வந்தவர்கள் வெளியே போவதில்லை என்பது அந்தச் சபையின் சட்டம். பென்வீந்தா பதினெட்டு வயதில் உள்ளே வந்தவள். ஏவோராவில் இறங்கியதும் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும். இந்த உலகத்தில் அவளுக்கென்று மிச்சமிருப்பது அந்த இரண்டு நாள்தான்.

அதில் ஒரு நொடியையும் வீணாக்க அடெலினோவுக்கு மனம் வரவில்லை. ஒரு மாதமாக இதே யோசனை.

சாலை வரைபடத்தை மடித்து, சுவரில் பதித்திருந்த மரச் சுழல்பெட்டியில் வைத்துத் தள்ளினான். பெட்டி சுழன்று அந்தப் பக்கம் போயிற்று.

“சிவப்புக் கோட்டைப் பாத்துக்கிட்டே வா,” என்று ஆரம்பித்தான்.

கிமராயிஷ் கோட்டையைப் பற்றி அவன் சொல்வதைக் கேட்டால், கல் சுமந்து கட்டியதே அவன்தான் என்று தோன்றும். போர்த்தோவில் ஆற்றுக்கு மேலே இரும்புப் பாலம். மேல்தட்டில் நின்றால் காலடியில் ஊரே கொட்டிக் கிடக்கும். கொயிம்ப்ராவில் தங்கப்பூச்சு பூசிய பழைய நூலகம்; புத்தகத்தை அரிக்கும் பூச்சிகளைத் தின்ன அங்கே வௌவால்கள் குடியிருக்கின்றன. தொமாரில் ஒரு வட்டக் கோயில்; அந்தக் காலத்து வீரர்கள் குதிரையை விட்டு இறங்காமலே அங்கே பூசை கண்டார்களாம்.

சொல்லச் சொல்ல அவனுக்கே மெய் சிலிர்த்தது. இத்தனை அழகான நாட்டில் பிறந்துவிட்டு இதையெல்லாம் பார்க்காமல் ஒருத்தி இருந்துவிட்டாளே என்று ஆதங்கமாக இருந்தது.

“எல்லா ஊருக்கும் போலாம்டா,” என்றாள் அக்கா. “ஆனா இறங்க வேணாம்.”

“எங்க?”

“எங்கயுமே.”

“முட்டி வலியா?”

“முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தெனமும் தோட்டத்துல குனிஞ்சு குனிஞ்சு கோஸ் நடுறேன்.”

வரைபடம் பெட்டியில் திரும்பி வந்தது. அவள் பென்சிலால் இரண்டு ஊரைக் கூடுதலாக வட்டமிட்டிருந்தாள். அடெலினோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். ஒன்று மேற்கே கடல் பக்கம் ஓபிதுஷ். இன்னொன்று எல்வாஷ். ஏவோராவைத் தாண்டி, ஸ்பெயின் எல்லை வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டும்.

“எல்வாஷ் எதுக்குக்கா?”

“கோட்டை நல்லா இருக்குமாமே.”

“இறங்காம கோட்டையை எப்படிப் பாப்ப?”

“நீ ஓட்டிக்கிட்டே சொல்லேன். நீ சொன்னா பாத்த மாதிரிதான்.”

பார்க்க வருகிறவர்களோடு யார் பேசினாலும், கூடவே ஒருத்தி உட்கார்ந்து கேட்க வேண்டுமென்பது அங்கே வழக்கம். அன்று அந்த வேலை கிழட்டு எவுஃபேமியாவுக்கு. அவள் செருமினாள்.

“கேக்கத்தான் என்னை உக்கார வெச்சிருக்காங்க, பேச இல்ல. இருந்தாலும் சொல்றேன். மெயால்யாடாவுல பன்னிக்குட்டி வறுத்து விப்பாங்க. அங்க மட்டும் நான் இறங்குவேன். மோந்து பாக்குறது பாவத்துல சேராது.”

அடெலினோவுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளுக்குள் சுருக்கென்றிருந்தது. ஊர் ஊராகத் தேடிப் பொறுக்கி எடுத்து வந்து நீட்டினால், வண்டிக் கண்ணாடிக்கு வெளியே ஓடினால் போதும் என்கிறாளே. வருஷக்கணக்கில் உள்ளேயே இருந்தால் பார்க்கிற ஆசைகூட வற்றிப்போகும்போல.

“உன் இஷ்டம்,” என்றான் விறைப்பாக. “பின்னாடி மூணு பேரும் தாராளமா உக்காரலாம். உனக்கு ஜன்னல் ஓரம்.”

“பின்னாடி அவங்க ரெண்டு பேரும் உக்காரட்டும். நான் முன்னாடி, உம் பக்கத்துல.”

“முன்னாடி வெயில் மூஞ்சியில அடிக்குமே.”

“யார் மூஞ்சியில?”

“ரெண்டு பேர் மூஞ்சியிலயும்தான்.”

“அப்ப நல்லாவே தெரியும்,” என்றாள்.

அடெலினோ கம்பித் தடுப்பை நிமிர்ந்து பார்த்தான்.

கம்பிகளுக்குப் பின்னால், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதபடி, ஒரு கறுப்புத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா உள்ளே போன நாளில் அவனுக்கு ஒன்பது வயது. மாதம் தவறாமல் வந்திருக்கிறான். தன் கல்யாணச் சேதியையும் அப்பா இறந்த சேதியையும் அந்தத் துணியிடம்தான் சொன்னான். ஏவோரா மடத்திலும் அப்படி ஒரு துணி உண்டு.



அக்கா எத்தனை பெரிய கெட்டிக்காரி என்று அவன் வியந்துபோனான். ஒரு மாதம் உட்கார்ந்து யோசித்தும் அவன் புத்திக்கு எட்டாதது, அவளுக்கு எட்டியிருக்கிறது.

“எனக்கு வழுக்கை விழுந்திருச்சுக்கா,” என்றான்.



“பரவால்லடா. ரெண்டு நாள் இருக்குல்ல, பழகிருவேன்.”

அடெலினோ வரைபடத்தை மடிமேல் விரித்து, எல்வாஷிலிருந்து திரும்பி வர இன்னும் நீளமான வழி ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தான்.