பிழியும் பன்னிரண்டு நிமிடம்

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் முடித்து வேலைக்குப் போனவள் நான். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வாங்கினேன். துணி பிழியும்போது அது தறிகெட்டுக் குதிக்கும். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அம்மா இரண்டு கைகளையும் மேலே ஊன்றி, உடம்பெல்லாம் அதிர அழுத்திக்கொண்டு நிற்பாள். அவள் மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னால் அப்பா, "அதான் நீ இருக்கியே" என்பார். ஆறு வருடம் நின்றாள்.

அவள் செத்துப்போன மறுவாரத்திலிருந்து மெஷின் ஆடவில்லை.

"பாத்தியா? உங்கம்மாதான் சும்மா பெருசு பண்ணிட்டா," என்றார் அப்பா.

கதவு ரப்பர் ஒழுகியதால் இன்று நானே மெக்கானிக்கை வரவழைத்தேன். பின்பக்கம் பார்த்தவர் திகைத்துவிட்டார்.

"என்னம்மா இது! லாரியில வர்றப்போ டிரம் ஆடக்கூடாதுன்னு போட்ட நாலு போல்ட்டும் அப்படியே இருக்கு. இதோட ஓட்டினா மெஷின் வாசல் தாண்டி ஓடியிருக்கணுமே! கழட்டிடவா?"

"வேண்டாம், இருக்கட்டும்."

ரப்பரை மாற்றிவிட்டு அவர் போனதும் அப்பாவின் சட்டைகளைப் போட்டு ஓடவிட்டேன். பிழியத் தொடங்கியது. மேலே வைத்த டம்ளரில் தண்ணீர்கூட அசையவில்லை. அம்மா நிற்கும் இடத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"செத்த பிறகுமாம்மா இந்த மனுஷனுக்கு உழைக்கணும்? கையை எடு. அவரே பிடிச்சுக்கட்டும்."

டம்ளர் விழுந்து உருண்டது. மெஷின் சுவரில் இடித்துக்கொண்டு குதித்தது. அப்பா ஓடிவந்து, அம்மா ஊன்றும் இடத்திலேயே கைகளை ஊன்றினார். சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"என்னடி, இந்த ரெண்டு இடம் மட்டும் வெதுவெதுன்னு இருக்கு?"

"பிடிங்கப்பா," என்றேன். "இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு."