முன் பிரேக்

"பின் பிரேக்கே சூப்பரா பிடிக்குது சார். ஒரு மிதி மிதிச்சா வண்டி நின்னுடும். இந்தப் பழைய வண்டியில முன் பிரேக் சும்மா பேருக்குத்தான்" என்றார் மெக்கானிக், போனைத் தோளில் இடுக்கியபடி.

"பரவாயில்லண்ணே. எனக்கு முன் பிரேக்தான் நல்லா பிடிக்கணும்" என்றது மறுமுனைக் குரல்.

பிடிவாதக்கார ஆசாமி. வண்டியை மட்டும் லோடு ஆட்டோவில் அனுப்பிவிட்டு, தினமும் போனிலேயே உயிரை எடுத்தான்.

முன் சக்கரத்தைக் கழற்றியதும் குட்டு வெளிப்பட்டது. யாரோ ஒரு புண்ணியவான் சின்ன மாடலின் பிரேக் கட்டைகளை மாட்டியிருந்தான்.

"அப்பா சட்டையை மகன் போட்ட மாதிரி உள்ள தொளதொளன்னு ஆடுது சார். அடுத்த மாடலோட பெரிய பிரேக்கையே முழுசா மாட்டிடுறேன். ஆனா நீங்களே வந்து ஓட்டிப் பாத்துட்டுத்தான் எடுக்கணும்."

"நானேவா?"

"பின்னே, உங்க வண்டிக்கு நானா மாப்பிள்ளை?"

வேலை முடிந்த மாலை, ஆட்டோ ஒன்று வாசலில் நின்றது. முதலில் ஊன்றுகோல் இறங்கியது. பிறகு இடது கால். வலது பக்கம் பேன்ட் முழங்காலோடு மடித்துத் தைக்கப்பட்டிருந்தது.

மெக்கானிக்கின் பார்வை வண்டியின் வலது பக்கம் இருந்த பின் பிரேக் மிதியில் போய் நின்றது. 'ஒரு மிதி மிதிச்சா' என்று எத்தனை முறை சொல்லியிருப்பார்!

அவன் முன் பிரேக் லீவரை மெல்ல அழுத்தினான். நெடுநாள் பிரிந்தவரின் கையைப் பற்றியதுபோல, விடவே இல்லை.

"கியர் போட இந்தக் கால் இருக்குண்ணே. வீட்டுலதான் யாரும் என்னை நம்பி ஏற மாட்டேங்குறாங்க. தெருமுனை வரைக்கும்... பின்னால உக்காந்து வர்றீங்களா?"